நீர் புகாக் கைக்கடிகாரம்

ஏரிக்கரை எத்துணை உயர்ந்து அகன்றதாயினும், நண்டு தோண்டிய சிறு வளை ஒன்று அதனை உடைத்துவிடும். கரையின் உயரத்தைக் கண்டு மகிழ்பவர் பலர். வளை இருக்கும் இடத்தைத் தேடி அடைப்பவர் சிலர். ஊரைக் காப்பவர் அச்சிலரே ஆவர். கைக்கடிகாரம் என்னும் சிறு பொறியின் வரலாற்றிலும் இவ்வுண்மையைக் காணலாம். இன்று கைக்கடிகாரங்களுள் பல, மழைத்துளி பட்டாலும் கைகழுவும்போது நீர் தெறித்தாலும் நில்லாமல் ஓடுகின்றன. நூறாண்டுகளுக்கு முன்னர் நிலைமை அவ்வாறில்லை. ஒரு துளி நீர் உட்புகுந்தால் எஃகுறுப்புகள் துருப்பிடிக்கும். சிறிது தூசி படிந்தால் எண்ணெய் கெட்டுச் சக்கரங்கள் தடைப்படும். நீரும் தூசியும் நுழையும் வழிகள் எவை எனத் தேடி, அவற்றை ஒவ்வொன்றாக அடைப்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஹான்ஸ் வில்ஸ்டார்ப் என்பவர். அவர்தம் வரலாறு அறிந்து போற்றத்தக்கது.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனி நாட்டின் பவேரியாப் பகுதியில் குல்ம்பாக் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1881 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22 ஆம் நாள் வில்ஸ்டார்ப் பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் மூவர். அவர்களுள் இவர் இரண்டாமவர். தந்தையார் இரும்புப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருந்தார். குடும்பம் குறைவின்றி வாழ்ந்து வந்தது. ஆயினும் அவ்வாழ்வு நீடிக்கவில்லை. வில்ஸ்டார்ப்புக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு வயதாகும்போது அன்னையார் மறைந்தார். தந்தையாரும் அவரைத் தொடர்ந்து மறைந்தார். மூன்று சிறார்களும் தாய் தந்தையரற்றவர் ஆயினர்.

அவர்களைக் காக்கும் பொறுப்பு உறவினரான பெரியோர்மேல் வீழ்ந்தது. அவர்கள் கடையை விற்று, வந்த பொருளைப் பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கினர். வில்ஸ்டார்ப்பைக் கோபர்க் நகரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்தனர். தந்தையின் கடை கைவிட்டுப் போயிற்றே என்று அச்சிறுவர் அன்று வருந்தியிருத்தல் கூடும். பின்னாளில் அவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்தபோது, தம் காலில் தாம் நிற்குமாறு இளமையிலேயே பழக்கப்பட்டமையே தம் உயர்வுக்குக் காரணம் என்று கருதினார். பள்ளியில் கணிதத்திலும் மொழிகளிலும் அவருக்கு விருப்பம் மிகுந்திருந்தது. கணிதம் நுட்பத்தைத் தந்தது. மொழியறிவு அயல்நாடுகளின் வாயிலைத் திறந்தது. இவ்விரண்டுமே பிற்காலத்தில் அவருக்கு உற்ற துணையாயின.

தொழிற்பயிற்சி

கல்வி முடிந்தபின் அவர் சுவிட்சர்லாந்து நாட்டை அடைந்தார். முதலில் ஜினீவா நகரில் முத்து வணிகர் ஒருவரிடம் பயிற்சி பெற்றார். பின்னர் 1900 ஆம் ஆண்டில் லா ஷோ-த-போன் என்னும் ஊருக்குச் சென்றார். கடிகாரத் தொழிலுக்குப் புகழ்பெற்ற மலையூர் அது. ஆங்கிலம் அறிந்தவராகையால், கடிகாரங்களை அயல்நாடுகளுக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. திங்கள் ஊதியம் எண்பது பிராங்குகள்.

கடிதம் எழுதுவதோடு வேறொரு வேலையும் அவருக்கு இருந்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான சட்டைப்பைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்து, அவை சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரே வகையான வேலையை நாள்தோறும் செய்தால் பலருக்குச் சலிப்புத் தோன்றும். வில்ஸ்டார்ப்புக்கோ அது கல்விக்கூடமாக அமைந்தது. எக்கடிகாரம் முந்துகிறது, எது பிந்துகிறது, எது ஏன் நின்றுவிடுகிறது என்பவற்றை அவர் கூர்ந்து நோக்கினார். அவர் கடிகாரம் செய்யும் கம்மியர் அல்லர். ஆயினும் கடிகாரத்தின் குணங்குற்றங்களை நன்கு அறிந்தவர் ஆனார்.

இலண்டனில் தனித்தொழில்

1903 ஆம் ஆண்டில் அவர் இலண்டன் மாநகரை அடைந்தார். ஈராண்டுகள் ஒரு கடிகார நிறுவனத்தில் பணியாற்றியபின், 1905 ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் வயதில், ஆல்பிரட் டேவிஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து தனித்தொழில் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் பியேன் நகரில் ஏக்ளர் என்பாரின் பட்டறையில் செய்யப்பட்ட சிறிய உட்பொறிகளை வருவித்து, நல்ல கூடுகளில் பொருத்தி விற்பது அவர்களுடைய தொழில்.

அக்காலத்தில் ஆடவர் கைக்கடிகாரம் அணிவதில்லை. சட்டைப்பையில் சங்கிலியோடு வைத்துக்கொள்ளும் பெரிய கடிகாரமே அவர்களுக்குரியது. மணிக்கட்டில் அணிவது மகளிர் அணிகலனாகக் கருதப்பட்டது. தொழில் வல்லுநரும் அதனை மதிக்கவில்லை. அத்துணைச் சிறிய பொறி காலத்தைத் திருத்தமாகக் காட்டாது என்றும், கையின் ஓயாத அசைவு அதனைக் கெடுத்துவிடும் என்றும், தூசியும் ஈரமும் எளிதில் புகுந்துவிடும் என்றும் அவர்கள் குறை கூறினர். இக்குறைகளை வில்ஸ்டார்ப் மறுத்து வாதிடவில்லை. ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டுவதே தக்க விடை என்று துணிந்தார். 1908 ஆம் ஆண்டில் தம் கடிகாரங்களுக்கு ரோலெக்ஸ் என்னும் பெயரைப் பதிவு செய்தார். எம்மொழியினரும் எளிதில் சொல்லத்தக்க குறும்பெயர் அது.

முதற்குறை நீங்குதல்

காலம் தவறுதல் என்னும் குறையை அவர் முதலில் எடுத்துக்கொண்டார். பியேன் நகரத்து அரசுச் சோதனை நிலையம் 1910 ஆம் ஆண்டில் அவருடைய கைக்கடிகாரம் ஒன்றுக்குத் திருத்தச் சான்றிதழ் வழங்கியது. கைக்கடிகாரம் ஒன்று அத்தகைய சான்றிதழ் பெற்றது அதுவே முதன்முறை.

1914 ஆம் ஆண்டில் இன்னும் கடுமையான தேர்வு நடந்தது. இங்கிலாந்தில் கியூ என்னுமிடத்து ஆய்வுக்கூடம் கப்பற்கடிகாரங்களைச் சோதித்தலில் புகழ்பெற்றது. கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணித்தற்கு உதவுபவை ஆதலின், அக்கடிகாரங்களுக்கு ஆங்கு நடக்கும் சோதனையில் இரக்கம் என்பதே இல்லை. வில்ஸ்டார்ப்பின் சிறிய கைக்கடிகாரம் அங்கே நாற்பத்தைந்து நாள் சோதிக்கப்பட்டது. நிமிர்த்தியும் சாய்த்தும் கவிழ்த்தும் வைத்துப் பார்த்தனர். குளிரிலும் வெப்பத்திலும் இட்டுப் பார்த்தனர். இறுதியில் அவ்வாண்டு சூலைத் திங்கள் 15 ஆம் நாள் அதற்கு முதல்வகைச் சான்றிதழ் கிடைத்தது. சிறிய பொறியும் பெரிய பொறிக்கு இணையாகக் காலம் காட்டும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

போர்க்காலம்

அச்சான்றிதழ் கிடைத்த சில நாள்களுக்குள் முதல் உலகப்போர் மூண்டது. போர்முனையில் அகழிகளில் நின்ற வீரர்க்கு, சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க நேரமில்லை, கைகளும் ஒழிவில்லை. ஆதலால் பலர் தம் பழைய சட்டைப்பைக் கடிகாரங்களின் இருபுறத்திலும் கம்பி வளையங்களைப் பற்றவைத்து, தோல்வார் கோத்து, மணிக்கட்டில் கட்டிக்கொண்டனர். மகளிர் அணி என்று எள்ளப்பட்டது, வீரர்தம் கருவி ஆயிற்று.

ஆயினும் மற்றொரு குறை அங்கேதான் நன்கு வெளிப்பட்டது. சட்டைப்பைக்குள் துணியின் காப்பில் இருந்த கடிகாரம், மணிக்கட்டுக்கு வந்தவுடன் மழைக்கும் சேற்றுக்கும் புழுதிக்கும் வியர்வைக்கும் இலக்காயிற்று. பழைய கடிகாரத்துக்கு வார் கட்டிவிட்டால் மட்டும் போதாது. அதன் கூட்டையே மாற்றியமைத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

வில்ஸ்டார்ப்புக்கும் அப்போர் இன்னல் தந்தது. ஜெர்மனியில் பிறந்தவர் பெயர் இங்கிலாந்தில் வெறுப்பை விளைத்தது. அவர் மணந்தது பிளாரன்ஸ் என்னும் இங்கிலாந்துக் குடியுரிமை பெற்ற பெண்மணியை. ஆயினும் பெயரின் ஒலி மாறவில்லையே! ஆகவே 1915 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பெயர் ரோலெக்ஸ் என்றே மாற்றப்பட்டது. அதே ஆண்டில் அயல்நாட்டுக் கடிகாரங்கள்மீது மூன்றில் ஒரு பங்கு தீர்வையும் விதிக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1919 ஆம் ஆண்டில் வில்ஸ்டார்ப் ஜினீவா நகருக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டில் அங்கு அவருடைய நிறுவனம் பதிவாயிற்று.

நீர் புகும் வழிகள்

கடிகாரக் கூட்டில் நீர் புகுதற்கு வழிகள் மூன்று. முன்புறத்தில் கண்ணாடி பொருந்தும் விளிம்பு ஒன்று. பின்மூடி பொருந்தும் விளிம்பு மற்றொன்று. பக்கத்தில் சாவி கொடுக்கும் குமிழின் தண்டு உள்ளே செல்லும் துளை மூன்றாவது. அக்காலத்துக் கூடுகளின் மூடிகள் அழுத்தி மூடப்படுவன. அவ்விளிம்புகளில் மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். மரையிட்டுத் திருகும் மூடிகளைச் சிலர் முன்னரே செய்திருந்தனர். ஆயினும் மூன்றாம் வழியே அடைத்தற்கரியதாக நின்றது. மூடியை இறுக்கிவிடலாம், குமிழையோ நாள்தோறும் திருப்புதல் வேண்டும். தண்டைச் சுற்றித் தக்கையோ தோலோ வைத்து அடைத்தால், நாள்தோறும் உராய்ந்து அது தேய்ந்துவிடும்.

1922 ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம், பிறர் வகுத்த முறை ஒன்றைத் தழுவி, ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. கடிகாரம் முழுவதையும் மற்றொரு கூட்டுக்குள் வைத்து, மேலே மரைமூடியால் திருகி மூடுவது அம்முறை. பெட்டிக்குள் பெட்டி வைத்தது போன்ற அமைப்பு அது. நீர் புகவில்லை என்பது உண்மை. ஆனால் சாவி கொடுப்பதற்கு நாள்தோறும் வெளிக்கூட்டைத் திறத்தல் வேண்டும். திறந்து மூடுதல் தொல்லையாயிற்று, மரையும் தேய்ந்தது. நோய்க்கு மருந்து கிடைத்தது. ஆனால் மருந்தே மற்றொரு நோயாயிற்று.

சிப்பி என்னும் பெயர்

1925 ஆம் ஆண்டில் பால் பெரகோ, ஜார்ஜ் பெரே என்னும் இருவர், கூட்டின்மேல் திருகி இறுக்கத்தக்க குமிழ் ஒன்றைக் கண்டு, அதற்குக் காப்புரிமை பெற்றனர். வில்ஸ்டார்ப் அதன் அருமையை உடனே உணர்ந்தார். அவ்வுரிமையை விலை கொடுத்து வாங்கினார். அதிலும் ஒரு குறை இருந்தது. குமிழைத் திருகி இறுக்குங்கால், உள்ளிருக்கும் தண்டும் உடன் திரும்பும். கடிகாரத்தின் சுருள்வில் முழுவதும் முறுக்கப்பட்டிருப்பின் தண்டு மேலும் திரும்பாது. திரும்பாதாயின் குமிழும் இறுகாது. ஆதலால், குமிழ் கூட்டோடு இறுகும்போது தண்டின் பிணைப்பு விடுபடுமாறும், குமிழை வெளியே எடுத்தால் மீண்டும் பிணையுமாறும் ஓர் அமைப்பு சேர்க்கப்பட்டது.

1926 ஆம் ஆண்டில் புதிய கைக்கடிகாரம் உருப்பெற்றது. கண்ணாடியைத் தாங்கும் முன்வளையமும் பின்மூடியும் மரையிட்டு நடுவளையத்தோடு திருகப்பட்டன. குமிழும் கூட்டோடு திருகப்பட்டது. வளையத்தின் ஓரத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் இடப்பட்டன. அவை அழகுக்காக இடப்பட்டன அல்ல. கருவியால் பற்றித் திருகி இறுக்குதற்காக இடப்பட்டவை. மூவழிகளும் அடைபட்டன. கடலின் அடியில் கிடந்தும் தன் ஓடுகளை இறுக மூடித் தன்னைக் காக்கும் சிப்பியின் பெயராகிய ஆய்ஸ்டர் என்பதையே வில்ஸ்டார்ப் அக்கடிகாரத்துக்குச் சூட்டினார்.

கால்வாயில் ஒரு சோதனை

பொருள் நன்றாயினும், அதனை நம்புவோர் வேண்டுமே! நீர் புகாது என்று விளம்பரம் செய்து ஏமாற்றிய பொருள்களைக் கண்டு மக்கள் சலித்திருந்தனர். அந்நிலையில் 1927 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7 ஆம் நாள், மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் இளம்பெண் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையேயுள்ள ஆங்கிலக் கால்வாயைப் பதினைந்து மணி பதினைந்து நிமிடத்தில் நீந்திக் கடந்தார். இங்கிலாந்துப் பெண்களுள் அதனைச் செய்தவர் அவரே முதல்வர். இலண்டனில் தட்டச்சுத் தொழில் செய்து பிழைத்தவர் அவர். முன்னர்ப் பலமுறை முயன்று தோற்றும் முயற்சியைக் கைவிடாதவர்.

சில நாள்களில் மற்றொரு பெண்மணி தாமும் அவ்வாறு கடந்ததாக அறிவித்தார். பின்னர் அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்பொய்யின் நிழல் கிளைட்சின் மெய்யின்மீதும் படிந்தது. மக்கள் அவரையும் ஐயுற்றனர். தம் நேர்மையை நிலைநாட்ட அவர் மீண்டும் நீந்துவதாக அறிவித்தார். செய்தியறிந்த வில்ஸ்டார்ப், தம் கடிகாரம் ஒன்றை அவருக்கு அனுப்பி, நீந்துங்கால் அணிந்துகொள்ள வேண்டினார். கிளைட்ஸ் அதனை நாடாவில் கோத்துக் கழுத்தில் அணிந்தார்.

அக்டோபர் 21 ஆம் நாள் கடல் முன்னையினும் குளிர்ந்திருந்தது. பத்து மணி நேரத்துக்குமேல் அவர் அக்குளிர்நீரில் போராடினார். கரையை அடைதற்குச் சில கல் தொலைவே இருந்தபோது உணர்வு குன்றியது. உடன்வந்த படகினர் அவரைத் தூக்கி எடுத்தனர். கால்வாயைக் கடத்தல் அன்று கைகூடவில்லை. ஆயினும் அத்தகைய கொடுங்குளிரைத் தாங்கிய அவருடைய உறுதியை நேரிற்கண்டவர்க்கு ஐயம் அகன்றது. கழுத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபோது, அது நில்லாமல் சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

அவ்வாண்டு நவம்பர் 24 ஆம் நாள் இலண்டன் டெய்லி மெயில் நாளிதழின் முதற்பக்கம் முழுவதிலும் அக்கடிகாரத்தின் விளம்பரத்தை வில்ஸ்டார்ப் வெளியிட்டார். கடைகளின் முகப்பில் மீன் நீந்தும் கண்ணாடித் தொட்டிகளிலும் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. நீருக்குள் முட்கள் ஓடுவதை வழிப்போக்கர் நின்று கண்டனர். கண்கூடாகக் கண்டதற்குச் சான்று வேண்டுவதில்லை.

எஞ்சிய குறையும் நன்றியுணர்வும்

இன்னும் ஒரு குறை எஞ்சியிருந்தது. நாள்தோறும் சாவி கொடுத்தபின் குமிழை மீண்டும் திருகி இறுக்க மறந்தால், காவலன் உறங்கிய கோட்டை போலக் கடிகாரம் ஆகிவிடும். சாவி கொடுக்கும் தேவையே இல்லையாயின், குமிழைத் திறக்கும் தேவையும் குறையும் அன்றோ? 1931 ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம், அரைவட்ட வடிவான எடைத் தகடு ஒன்றைக் கடிகாரத்துக்குள் அமைத்தது. கையின் அசைவால் அத்தகடு முழுவட்டமாகச் சுழன்று சுருள்வில்லைத் தானே முறுக்கும். கையின் அசைவு கடிகாரத்தைக் கெடுக்கும் என்று முன்னர்க் கூறினர். அவ்வசைவே இப்போது அதனை ஓட்டும் ஆற்றலாயிற்று.

தானே சாவி கொண்டு ஓடும் கைக்கடிகாரத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தவர் ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர். தூசியும் ஈரமும் குமிழ்வழியே புகுவதைத் தடுக்கவே அவர் அம்முயற்சியில் இறங்கினார். அவர் அமைத்த தகடு இருபுறமும் முட்டித் திரும்புவது, முழுவட்டம் சுழலாதது. ரோலெக்ஸ் நிறுவனத்தின் விளம்பரங்களில் அவருடைய முன்முயற்சி நெடுநாள் கூறப்படாதிருந்தது. 1956 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இதழில் விளம்பரம் வெளியிட்டு, ஹார்வுட்டுக்குரிய பெருமையை அவருக்கே வழங்கியது. கூட்டில் மட்டுமன்றிச் சொல்லிலும் இடைவெளி இருத்தல் ஆகாது அன்றோ!

அருட்செயலும் அறக்கொடையும்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட நேசநாட்டு அதிகாரிகள் பலர் தம் கைக்கடிகாரங்களை இழந்தனர். அவர்கள் கடிதம் எழுதிக் கேட்டால் கடிகாரம் அனுப்பவும், விலையைப் போர் முடிந்தபின் பெற்றுக்கொள்ளவும் வில்ஸ்டார்ப் இசைந்தார். போர் என்று முடியும், சிறைப்பட்டோர் மீள்வரோ மாட்டாரோ என்று எவரும் அறியாத காலம் அது. அக்காலத்தில் ஒருவர் தம் சொல்லை நம்பிக் கடன் தந்தார் என்பது, சிறையிலிருந்தோர்க்குக் கடிகாரத்தினும் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

1944 ஆம் ஆண்டில் வில்ஸ்டார்ப்பின் மனைவியார் மறைந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. தம் உழைப்பால் உயர்ந்த நிறுவனம் தமக்குப்பின் யாரைச் சேர்வது என்னும் வினா அவர்முன் நின்றது. இளமையில் தந்தையின் கடை விற்கப்பட்டதைக் கண்டவர் அவர். தம் நிறுவனம் அவ்வாறு பிறர் கைக்கு மாறாமல், அதன் பயனும் பொதுமக்களைச் சேருமாறு, 1945 ஆம் ஆண்டில் தம் பெயரால் ஓர் அறநிலையத்தை நிறுவினார். தம் பங்குகள் அனைத்தையும் அதற்கு உரிமையாக்கினார். கல்வி, கலை, ஏழையர் துயர்துடைப்பு முதலிய நற்பணிகளுக்கு அது பொருளுதவி செய்து வருகிறது. ஜினீவாவில் ஆர்வ் ஆற்றின்மீது 2012 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இறுதிக்காலம்

முதுமையிலும் அவர் தம் முயற்சியின் வளர்ச்சியைக் கண்டு மகிழ்ந்தார். 1953 ஆம் ஆண்டில் 100 மீட்டர் ஆழம்வரை நீர் தாங்கும் முக்குளிப்போர் கடிகாரம் உருவாயிற்று. 1960 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23 ஆம் நாள், ஜாக் பிக்கார்டு, டான் வால்ஷ் என்னும் இருவர் திரியெஸ்தே என்னும் ஆழ்கடற்கலத்தில் பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழிக்குள் ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழம் இறங்கினர். அக்கலத்தின் வெளிப்புறத்தில் தனியாகச் செய்யப்பட்ட ரோலெக்ஸ் கடிகாரம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது மேலே வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. மழைத்துளிக்கு அஞ்சிய கைக்கடிகாரம் பெருங்கடலின் அடியைக் கண்டு மீண்ட அவ்வாண்டிலேயே, சூலைத் திங்கள் 6 ஆம் நாள், வில்ஸ்டார்ப் தம் எழுபத்தொன்பதாம் வயதில் ஜினீவாவில் இயற்கை எய்தினார்.

இன்றைய தொழில் வல்லுநர், நீர் அறவே புகாத கடிகாரம் என்று கூறார். இத்துணை ஆழம்வரை நீர் தாங்குவது என்றே கூறுவர். மூடிகளுக்கும் குமிழுக்கும் இடையே வைக்கும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகிக் கெடும். அவற்றை மாற்றிச் சோதித்தல் வேண்டும். பழங்கடிகாரத்தைப் புதுப்பிப்போர் முதலிற் பார்ப்பதும் அவ்வழிகளையே. ஏரிக்கரையை ஒருமுறை செப்பனிட்டுவிட்டு ஊரார் உறங்குவதில்லை. மழைக்காலந்தோறும் கரையைச் சுற்றி வருவர். ஒரு குறையை நீக்கியவுடன் அதனருகே நின்ற மறுகுறையைத் தேடிச் சென்ற வில்ஸ்டார்ப்பின் வாழ்வும் அத்தகையதே. பெரும்பொருளைக் காப்பது பெருஞ்சுவர் மட்டுமன்று. சிறு துளையையும் இகழாது நோக்கும் விழிப்பே அதனைக் காக்கும் என்பது அவர் வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.